தாழ்ப்பாள் போராட்டம்

போராடி எதையாவது வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டது கிடைத்திருக்கும், ஆனால் கேட்ட மாதிரி கிடைத்திருக்காது. எனக்கு இந்த ஞானம் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் உறுதியாகக் கேட்கத் தெம்பில்லாமல் போய்விட்டது.

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடம். கடைத்தெருக் கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை வகுப்புக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்து பாடம் கேட்கும். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மூத்திரப்புரை. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே எப்போதும் ஜோடியாகத்தான் போவோம். ஒருத்தி உள்ளே போவாள், இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பாள். உள்ளே இருப்பவளுக்கு உரிமை, வெளியே நிற்பவளுக்குக் கடமை. சண்டை போட்ட தோழிகள்கூட இடைவேளை மணிக்குள் சமாதானம் ஆகிவிடுவார்கள் (வேறு வழி?).

என் தங்கை சாரதா ஆறாம் வகுப்பு. மகா கூச்சக்காரி. யாரையும் கூட வா என்று கூப்பிட மாட்டாள். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். அம்மா கூஜாவில் கொடுத்தனுப்பினாள். அது அப்படியே திரும்பி வந்தது.

"ஏண்டி குடிக்கலை?" என்றேன்.

"குடிச்சா பின்னே போகணும். போனா ஆரு கதவு பிடிப்பா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அப்போது நான் ஸ்கூல் லீடர் வேறு (எதிர்த்து நிற்க யாரையும் சோம்பல் விடவில்லை, அதனால் ஜெயித்தேன்). நேராக ஹெட்மாஸ்டரிடம் போய் ஒரு தாழ்ப்பாள் கேட்டேன். அவர் கணக்கு வாத்தியார், எர்ணாகுளத்திலிருந்து தினமும் காயலைத் தாண்டி போட்டில் வந்து போகிறவர், எப்போதும் களைத்த முகம். மாணவர்களுக்கு உரிமைகள் உண்டு, ஆனால் முதலில் கடமைகள் என்று ஆரம்பித்தார். கடமைகளை முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தாழ்ப்பாளுக்கு வரவே இல்லை.

சரி, சமரம்தான், அதாவது ஸ்டிரைக்தான் என்று முடிவு செய்தேன். கேரளத்தில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட சமரத்துக்கு ஒரு மாமூல் உண்டு. கோஷம் கேட்டதும் ஹெட்மாஸ்டர் நீண்ட மணி அடிக்கச் சொல்வார், எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள், சமரம் வெற்றி. நான் காலையில் முற்றத்தில் நின்று தாழ்ப்பாள் வேண்டும் என்று குரல் கொடுத்தேன். வராந்தாவில் ஹெட்மாஸ்டர் தலை தெரிந்தது. பியூன் வாசு சேட்டனிடம் கையை அசைத்தார். மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. பையன்கள் போகிற போக்கில் நாளைக்கும் தாழ்ப்பாள் கேளு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது முறையும் இதே கதைதான். அப்போதுதான் என் மண்டையில் அந்த அபார யோசனை உதித்தது. காலையில் கோஷம் போட்டால்தானே மணி அடித்து அனுப்புவார்? நாலு மணிக்கு மணி அடித்த பிறகு போகாமலே இருந்தால்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணி முப்பது பெண்கள் என்னோடு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தாழ்ப்பாள் வராமல் எழுந்திருப்பதில்லை என்று சபதம்.

முதலில் டீச்சர்மார் போனார்கள். பிறகு தம்பியைக் கூட்டிப் போக வேண்டியவள் போனாள். டியூஷன்காரிகள் போனார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்ததும் குடை கொண்டுவராதவர்கள் மொத்தமாகப் போனார்கள். கடைசியாக என் பக்கத்தில் இருந்தது சாரதா மட்டும்தான்.

"அக்கா, அம்மா தேடுவா. நான் போகட்டா?" என்றாள்.

யாருக்காக இத்தனையும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. போ என்றேன். வாசு சேட்டன் பாவப்பட்டு ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்தார். லீடர் பயப்படவில்லை என்று காட்ட முழுவதும் குடித்தேன். இன்னொரு கிளாஸும் குடித்தேன். என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதல் பரிசு.

மழை கொட்டியது. ஒரு பெண்பிள்ளையைத் தனியாக விட்டுப் போக முடியாமல் ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார். போட்டை நிறுத்திவைக்கச் சொல்லி வாசு சேட்டனைப் படகுத்துறைக்கு அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே பேர், நடுவில் நான் குடித்த இரண்டு கிளாஸ் சாயா. பொறுத்துப் பார்த்தேன். காலை மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், மூத்திரப்புரைக்குப் போகணும்."

"பொய்க்கோ," என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"கதவு பிடிக்க ஆள் இல்லை சார்."

அவர் என்னைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் உள்ளே போனேன். அவர் வெளியே முதுகைத் திருப்பி நின்று, ஒரு கையில் குடையும், பின்னால் நீட்டிய மறு கையில் கதவுமாகப் பிடித்துக்கொண்டார். உள்ளே நடப்பது எதுவும் தன் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரிவதற்காக, பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. எத்தனையோ பதினாறு என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் போட் ஊதிக்கொண்டு கிளம்பியது. வாய்ப்பாடு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஆசாரி வந்தார். மதியத்துக்குள் தாழ்ப்பாள் வந்துவிட்டது! பெண்கள் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். நான் ராணி மாதிரி போய்ப் பார்த்தேன். பளபளவென்று புத்தம் புதிய தாழ்ப்பாள். கதவின் வெளிப்பக்கத்தில், சார் நின்ற இடத்தில், சார் கை பிடித்திருந்த அதே உயரத்தில்.

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அந்தக் கதவை அவர் வெளியிலிருந்துதானே அறிவார். ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு தாழு சோதிச்சு, ஒரு தாழு கிட்டியில்லே? இனி எந்தா?" என்றார். கேட்டதும் ஒரு தாழ்ப்பாள், கிடைத்ததும் ஒரு தாழ்ப்பாள், இனி என்ன வேண்டும் என்று அர்த்தம். அந்தக் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டு நான் வகுப்புக்குத் திரும்பி நடந்தேன். அந்த வாரமே ஒரு பையன் ஒருத்தியை உள்ளே வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடினான். உடனே ஹெட்மாஸ்டர், இடைவேளைகளில் தாழ்ப்பாளுக்குக் காவல் நிற்பது ஸ்கூல் லீடரின் கடமை என்று அறிவித்தார்.

வருஷம் முழுக்க நின்றேன். வெயிலிலும் நின்றேன், மழையிலும் நின்றேன். எஸ்.எஸ்.எல்.சி. வரலாற்றுப் பாடம் முழுவதையும் அந்தக் கதவடியில்தான் படித்தேன். சாரதாவின் கூஜா மட்டும் அன்றிலிருந்து காலியாக வீட்டுக்கு வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில், கேட்டது ஏடாகூடமாகக் கிடைத்தால் "வெளித் தாழ்ப்பாள்" என்றுதான் பெயர். என் கணவர் எனக்கென்று வாங்கிவந்து அவரே பார்க்கிற டிவி வரைக்கும் அந்தக் கணக்குதான். சாரதாவுக்கும் பேரன் வந்துவிட்டான். போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம். முழங்கால் வலியோடு அப்போதுதான் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்தேன், வந்து தோளைத் தொட்டாள். குளியலறைக் கதவில் உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் இருக்கிறது, நானே பார்த்தேன்.

"அக்கா, வந்து நிக்கறயோ?" என்றாள்.

எழுந்து போய் நின்றேன்.