தொடாதீங்கன்னு சொன்ன கம்ப்யூட்டர்

மனைவி தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் கிடங்குக்காரர். திரும்பிவிட்டாள். இனி அவள் வர மத்தியானம் தாண்டிவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை ஏற்றாமல் ஓய்வதில்லை!

அவரைக் கிடங்குக்காரர் என்று சொல்வது பழக்கதோஷம். கிடங்கும் போயிற்று, வேலையும் போயிற்று. எந்தச் சாமான் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷன்தான். புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். கூடவே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறையும் வந்தது. "பழைய மெஷின்ல புதுசை ஏத்தினா தாங்காது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, இவரையும் இவருக்கு எதிர் மேஜையில் பில் போட்ட தும்மலையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தும்மல் என்பது பட்டப்பெயர். கிடங்குத் தூசியில் அவர் தும்மினால் மேல் அடுக்கு அட்டைப்பெட்டி தானாகக் கீழே இறங்கும் என்பார்கள்.

அன்றிலிருந்து கிடங்குக்காரர் வாசலைத் தாண்டவில்லை. ஒரு நாற்காலி, எதிரே ஒரு சுவர். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருப்பார், சாப்பிட்டதும் திரும்ப வந்து உட்காருவார். தும்மல் அடிக்கடி போன் பண்ணிப் பார்த்தார். இவர் எடுக்கவில்லை. "அவன் புலம்புவான், பதிலுக்கு நான் புலம்பணும். எதுக்கு?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

வீட்டை ஓட்டியவள் மனைவி. மலர்வளையத்தில் கட்டுகிற ரிப்பனில் எழுத்து அச்சடித்துக் கொடுக்கிற வேலை. பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய ரிப்பன் பிரிண்டர். பூக்கடைக்காரம்மா போன் பண்ணினால் அன்றைக்குப் பாடு நடக்கும். ஊரில் யாராவது செத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, உண்மை அதுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் காலையில் கண் திறந்ததும் ஓர் அறிவிப்பு காட்டும். 'இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது.' அதைப் படிக்கும்போதெல்லாம் இவருக்குச் சுருக்கென்று தைக்கும். போன வாரம் பொறுக்க முடியாமல் பேச்சை எடுத்தார்.

"இந்தா, இதுக்குப் புதுசு ஏத்திடலாம்."

"வேணாங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"பாதுகாப்பு கிடையாதுங்கறான். வைரஸ் வந்தா என்ன பண்ணுவே?"

"நெட் வயரையே பிடுங்கி வெச்சிருக்கேன். வைரஸ் என்ன நடந்தா வரும்?"

"பழசுன்னா அப்படியே ஒதுக்கிடறதா? ஏத்தினா அதுவும் ஓடும். நான் ஓட்டிக் காட்டறேன் பாரு!"

"நல்லா இருக்கிற வயித்துக்கு எதுக்குங்க ஆபரேஷன்? பிரிண்டர் நின்னுபோச்சுன்னா நாம சோத்துக்கு எங்க போறது? அதைத் தொடாதீங்க."

"நான் இந்த வீட்டு ஆம்பளையா இல்லையா?"

"ஆம்பளைதாங்க. அதான் தொடாதீங்கன்னு சொல்றேன்."

அதற்கப்புறம் இவருக்குத் தூக்கம் பிடிக்குமா? ஒரு வாரமாகக் கறுவிக்கொண்டே இருந்தார். இன்று காலை அவள் எழுந்ததும் எழாததுமாக இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை.

"விடியறதுக்குள்ள என்ன இஸ்திரி?"

"ரிப்பன் சுருங்கிக் கிடக்கு." குரல் கம்மியிருந்தது. "ஒரு வேலையா வெளிய போறேன். வர நேரமாகும். கம்ப்யூட்டரை மட்டும் தொட்டுடாதீங்க."

தொட்டார். நெட் வயரைச் செருகினார், புதுப் பதிப்பைக் கூப்பிட்டார். 'உங்கள் கம்ப்யூட்டர் இதற்குத் தகுதியானது அல்ல' என்றது.

"நீ யாருடா அதைச் சொல்ல?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். தகுதியில்லாததை எப்படி ஏற்றுவது என்று விளக்குகிற வீடியோ ஒன்று போனில் அகப்பட்டது. வீடியோக்காரன் சொன்னதையெல்லாம் செய்தார். சொல்லாத ஒன்றிரண்டையும் சேர்த்துச் செய்தார். ஏறத் தொடங்கியது. பெட்டிக்குள் மின்விசிறி ஓவென்று அலறியது. பாதியில் நின்றது. இவர் மூச்சும் கூடவே நின்றது. திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. கும்பிடாத தெய்வமில்லை. கடைசியில், அட! மலை, ஏரி, நீல வானம் என்று பளபளவென்று ஒரு படத்தோடு புதுப் பதிப்பு வந்து நின்றது.

"யாருடா சொன்னது தாங்காதுன்னு?" நாற்காலியை விட்டுத் துள்ளியே விட்டார். மாதக்கணக்கில் முதல் துள்ளல்.

துள்ளி முடித்து மவுஸைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஃபைலைத் திறக்க ஒரு குளியல் குளித்துவிட்டு வரலாம். எழுத்து அமைக்கிற சாஃப்ட்வேரைத் தட்டினார், 'இது இந்தப் பதிப்பில் இயங்காது' என்றது. ரிப்பன் பிரிண்டரைத் தேடச் சொன்னார், அப்படி ஒரு சாதனத்தையே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. பழையதற்கே திரும்பிப் போகலாமா என்று பார்த்தார். போக முடியாதாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. பூக்கடைக்காரம்மா.

"அவங்க இல்லையா? ஒரு ரிப்பன் வேணுமே. சாயங்காலம் எடுக்கறாங்க. 'கிடங்கு நண்பர்கள்'னு போட்டா போதுமாம்."

"எந்தக் கிடங்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? ஐயோ, அவங்க சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். உங்க தும்மல் சார்தாங்க. விடியக்காலையில போயிட்டார்."

போன் கையில் இருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தாரா, வைத்துவிட்டாரா என்று அவருக்கே தெரியாது. எதிர் மேஜையில் உட்கார்ந்து, தும்மி, "மன்னிச்சுக்கப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்ன மனுஷன். எடுக்காத போனுக்கெல்லாம் இனி ஆளில்லை. அவனுக்கென்று ஒரு முழம் ரிப்பன் அச்சடிக்க இந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதையும் இவர் கொன்றுவிட்டார். திரையில் ஏரி மட்டும் அழகாக இருந்தது. கிடங்குக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மனைவி வந்தபோது அப்படித்தான் இருந்தார். அவள் கண்ணும் வீங்கியிருந்தது.

"தொட்டுட்டீங்களா?"

"தொட்டுட்டேன். பிரிண்டர் போச்சு. சோறு போச்சு. அவனுக்கு 'கிடங்கு நண்பர்கள்'னு ஒரு ரிப்பன்கூட இல்லாம ஆக்கிட்டேன். என்னைத் திட்டு. அடி. ஏதாவது பண்ணு."

அவள் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள், உள்ளிருந்த டிஸ்க்கை உருவிவிட்டுத் துண்டிலிருந்ததை மாட்டினாள். பொத்தானை அமுக்கியதும் பழைய திரை, பழைய எழுத்து. 'இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது.' அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"இது எப்படி?"

"இதான் அசல். நீங்க தொட்டது நகல். போன வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட்டு எடுத்து மாட்டச் சொன்னேன், நீங்க மத்தியானம் தூங்கறப்போ. எதுக்கும்மா நகல்னு கேட்டார். வீட்ல ஒருத்தர் இருக்கார், தொடாதேன்னு சொன்னா தொடுவார்னேன்."

"அப்ப எதுக்குத் தொடாதேன்னே?"

"தொடுங்கன்னு சொன்னா நாற்காலியை விட்டு எழுந்திருப்பீங்களா?"

கிடங்குக்காரர் தன் நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க," என்றாள் அவள். "எப்பப் பாரு சுவரையே பாத்துக்கிட்டு. சண்டைக்காவது எழுந்திருக்கட்டும்னு பாத்தேன். விடியறதுக்கு முந்தி தும்மல் அண்ணன் வீட்டு அக்கா போன் பண்ணினாங்க. அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். அக்கா எழுப்பப் போனா, நாற்காலியிலேயே..." தலையைக் குனிந்துகொண்டு எழுத்தை அடித்தாள். பிரிண்டர் கர்கரென்று இழுத்து இழுத்து ரிப்பனைத் துப்பியது. கறுப்பு ரிப்பனில் வெள்ளி எழுத்து. 'கிடங்கு நண்பர்கள்.' கத்தரித்துச் சுருட்டினாள்.

"நானே கொண்டு போறேன். நீங்க வர வேணாம்."

"ஏன்?"

"அங்க உங்க ஆபீஸ் ஆளுங்க வருவாங்க. அந்த மேனேஜரும் வருவார். உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கஷ்டம்? பேசாம உட்காருங்க. உங்களால தாங்க முடியாது."

தாங்காதாம்! கிடங்குக்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"யாருக்குடி தாங்காது? எனக்கும் அவனுக்கும் உள்ள பழக்கம் உனக்கென்ன தெரியும்? நான் இல்லாம அவனை எடுத்துடுவாங்களா? அந்த மேனேஜர் முன்னாடியே போய் நிக்கறேன். குடு இப்படி!"

"சொன்னாக் கேளுங்க. போகாதீங்க."

"போவேன்!"

கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை மாட்டினார், வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார், ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தாண்டாத வாசலை ஒரே எட்டில் தாண்டினார். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. நாலு பேர் ஏறிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! என்னை யாரும் தடுக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் கண் கலங்கிக் கைக்குட்டை தேடினார். பையில் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. சட்டையைக் குனிந்து பார்த்தார். கழுத்துப்பட்டை முதல் கைவிளிம்பு வரை கத்தி மாதிரி மடிப்பு.

காலையில் அவள் ரிப்பனுக்கு இஸ்திரி போட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.