பதினான்கு ரெப்போக்களின் வாயிற்காவலர்

மென்பொருள் அலுவலகங்களில் வாயிற்காவலர் என்றோர் இனம் உண்டு. கட்டடத்தின் வாசலில் சீருடையோடு நிற்பவரைச் சொல்லவில்லை; அவர் நம்மைப் பார்த்தால் சிரிப்பார். நான் சொல்பவர் இரண்டு திரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். நாம் எழுதிய நிரலை ரெப்போ என்னும் பொதுக் கிடங்கில் சேர்க்கப் போகும்போதெல்லாம், ஹூக் என்றொரு சிறு ஸ்கிரிப்ட் குறுக்கே வந்து சோதனை போடுமே, அதை எழுதுபவர். எழுதச் சொன்னது யார்? யாருமில்லை. இந்த இனத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்கு 'ஆபீசர்' என்று பட்டப்பெயர். முதலில் ஒரு ரெப்போவில் மட்டும் ஹூக் வைத்தார். பிறகு அதையே மற்ற பதின்மூன்றுக்கும் நகலெடுத்தார். நகல்கள் ஆளுக்கொரு பக்கம் மாறிப்போகவே, மனம் நொந்து, எல்லாவற்றையும் பதினைந்தாவதாக ஒரு ரெப்போவில் குவித்து, மற்றவை தினமும் அங்கிருந்தே புதுப் பிரதியை எடுத்துக்கொள்ளும்படி செய்து, அந்தப் பதினைந்தாவதுக்கும் அதே காவலைப் போட்டார். அன்று அவர் விசிலடித்ததாகக் கேள்வி.

மாற்றத்துக்கு எழுதும் குறிப்பு முப்பது எழுத்துக்குக் குறைந்தால் ஹூக் தடுக்கும். கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் தடுக்கும். வைக்காவிட்டால்? வேறு காரணம் வைத்திருக்கும்.

போன செவ்வாய் காலை, ஒரு மருத்துவமனையில் எங்கள் மென்பொருளில் ஓடும் டோக்கன் திரை பதினேழிலேயே நின்றுவிட்டது. வரவேற்பறையில் அறுபது நோயாளிகள். என் பக்கத்து மேசைக்காரி ஐந்தே நிமிடத்தில் பிழையைப் பிடித்துவிட்டாள், ஒரே வரி. ஹூக் விடவில்லை. முந்தின மாலை ஆபீசர் அதில் புது விதி ஒன்று சேர்த்திருந்தார். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தார்.

"அண்ணா, உங்க ஹூக் உடைஞ்சிருக்கு."

"அது உடையாது. நீ என்ன மாத்துன?"

"ஒரு வரி."

"அதாலதான் இருக்கும்."

"ஹூக்கோட இருநூத்திப் பன்னண்டாவது வரின்னு அதுவே சொல்லுதுண்ணா. அங்க ஜனங்க காத்துக் கெடக்குறாங்க. தாண்டிப் போயிடட்டுமா?"

"தாண்டுனா உன் பேரு எல்லாருக்கும் மெயில்ல போகும், தெரியும்ல? ரெண்டு நிமிஷம் இரு, நானே சரி பண்றேன்."

அடைப்புக்குறியை மூடினார். பதினைந்தாவது ரெப்போவில் சேர்க்கப் போனார். அங்கேயும் அதே உடைந்த ஹூக் காவலுக்கு நின்றது. ஆக்கியவரையே அது உள்ளே விடவில்லை. மூன்று முறை முயன்றார். அதற்குள் மருத்துவமனை வரவேற்பாளரின் அழைப்பு.

"சார், பதினேழாம் நம்பர்காரர் டாக்டரைப் பார்த்துட்டு வீட்டுக்கே போய்ச் சேந்துட்டாரு. உங்க திரை இன்னும் அவரையே கூப்பிடுது."

ஆபீசர் விதிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரி ஹூக்கைத் தாண்டும் கட்டளையை அடித்தாள். திரை பதினெட்டுக்கு நகர்ந்தது. அவள் பெயர் எல்லோருக்கும் மெயிலில் போனது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு பெயரும் போனது. ஆபீசருடையது.

மதியத்துக்குள் அவர் தேறிவிட்டார். ஹூக்கைச் சோதிக்க இன்னொரு ஹூக் தயார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வாசித்துவரும்போது எங்கேயோ ஓரிடத்தில், 'இதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதே' என்று தோன்றி, அந்த ஒருவர் யார் என்பதும் கூடவே தோன்றியிருந்தால், நீங்களும் இந்த இனமா என்று வீட்டாரிடம் மெல்ல விசாரித்துப் பாருங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு மிச்சமிருந்தால் சொல்வார்கள்.