பத்மப்ரியா டாக்டராக ஒரு திண்டுக்கல் பூட்டு

புருஷன் பொண்டாட்டி கதைன்னதும் நிமிந்து உக்காந்துட்டீயளே. பூரிக்கட்டை பறக்கும், அண்ணாச்சி கட்டிலுக்கு அடியில போயி ஒளிவாரு, அவ குனிஞ்சு பாப்பா, இதுதானே எதிர்பாக்கீய? ஏமாந்து போவீய. இந்தக் கதையில யாரும் யாரையும் அடிக்கல. கொரலைக்கூட ஒசத்தல. அதான் விசயமே. சத்தம் போடுத பொம்பளைகிட்டன்னா எப்படியாவது தப்பிச்சிரலாம். "சரிங்க"ன்னு சொல்லுத பொம்பளைகிட்ட மாட்டுனா போச்சு.

பேட்டை சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியை எடுத்துக்கிடுங்க. கூட்டுறவு ஆபீஸ்ல கிளார்க்கு. பேரைச் சொன்னா, பேங்குல கூட பேனாவைக் கீழ வச்சிட்டு ஒரு தடவை ஏறிட்டுப் பாப்பாவ. அந்தக் கடுப்புல, மகளுக்குப் பேரு வைக்கும்போதே ஆஸ்பத்திரி போர்டுல எழுதுனா எடுப்பா இருக்கணும்னு பத்மப்ரியான்னு வச்சாரு. பிள்ளை தொட்டில்ல கிடக்கு, இவரு மனசுல போர்டுக்குப் பெயிண்டு அடிச்சாச்சு.

அந்தப் பிள்ளை பத்தாங்கிளாஸ் முடிச்ச லீவு. பிளஸ் டூ முடிச்சு எழுதப்போற என்ட்ரன்ஸுக்கு இப்பவே பாளையங்கோட்டையில டியூசன்ல இடம் பிடிச்சாரு. நாலு விடை குடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுத பரீட்சைன்னு கேள்விப்பட்டதுலேருந்து வீட்டுல பேச்சே அப்படித்தான்.

"முத்துராணி, மத்தியானத்துக்கு என்ன? அ, சொதி. ஆ, புளிக்கொழம்பு. இ, கூட்டாஞ்சோறு. ஈ, இவற்றில் எதுவுமில்லை."

"ஈ"ன்னா பொண்டாட்டி. "நேத்து வச்ச ரசம்."

ஒரு நா சாயங்காலம் ஆபீஸ் விட்டு வாராரு. தாயும் மகளும் டிவி முன்னால உக்காந்து சினிமாப் பாட்டுல லயிச்சுக் கிடக்காவ. பிள்ளை மடியில இரவல் வாங்குன பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகம். அதுக்கு மேல முறுக்குத் தட்டு. அண்ணாச்சி மனசுல இருந்த போர்டுல பெயிண்டு உரிஞ்சு விழுந்துச்சு.

அந்த வாரமே ஆசாரியைக் கூட்டியாந்து ஒரு பெட்டி அடிச்சாரு. டிவி உள்ள. முன்னால ரெண்டு கதவு. கதவுல திண்டுக்கல் பூட்டு. சாவி இவரு அரைஞாண் கயித்துல.

"பின்னால பலகை வைக்கல அண்ணாச்சி, சூடு போகணும்லா"ன்னாரு ஆசாரி.

"செவத்தை ஒட்டித்தானே வே கிடக்கப்போவுது. பின்னால போயி யாரு பாக்கா?"

பூட்டிட்டு பொண்டாட்டி பக்கம் திரும்புனாரு. "இனிமே என்ட்ரன்ஸ் எழுதி முடிச்ச பொறவுதான் தொறப்பு."

"ரெண்டு வருசமாங்க?"

"ரெண்டு வருசந்தான். எனக்கும் சேத்துத்தான். கிரிக்கெட்டு கூட பாக்க மாட்டேன்."

"நாள் பூரா படின்னா பிள்ளை எப்படிங்க படிக்கும்? ஊடால ரெண்டு பாட்டு கேட்டாத்தானே மண்டையில ஏறும்."

"பாட்டு கேட்டா பாட்டுதான் ஏறும். பந்தயம் வச்சுக்கிடுவமா? வருசக் கடைசியில டியூசன்ல மாடல் பரீட்சை வைப்பாவ. பிள்ளை முதல்ல வரலைன்னா சாவி ஒன் கையில. வந்துட்டா, அப்புறம் இந்த வீட்டுல எல்லாத்துக்கும் என் பேச்சுதான் பேச்சு."

"சரிங்க"ன்னா முத்துராணி.

உங்களுக்குக் கேட்டுச்சுல்லா, அந்த "சரிங்க"? அவருக்குக் கேக்கல.

பத்து நா கழிச்சு பைய வந்து நின்னா. "பக்கத்து வீட்டு சேக் முகம்மது பாய் மக மஹ்மூதாவும் அதே டியூசன்தானாம். நம்ம பிள்ளையும் சாயங்காலம் அங்கன போயி சேந்து படிக்கட்டுமாங்க?"

"தாராளமா. டிவி இல்லாத வீடு. படிப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது."

அண்ணாச்சி விரதம் தொடங்கிட்டாரு. வெள்ளிக்கிழமையானா பெட்டிக்குச் சந்தனம் குங்குமம். ஆயுத பூசைக்கு மாலையே போட்டாரு. முத்துராணி பயபக்தியாச் சூடம் காட்டுனா. ஒரு ஓரமாச் சிரிக்கணுமே? சிரிக்கல.

மாசி பிறந்துச்சு, உலகக் கோப்பையும் பிறந்துச்சு. அரைஞாண் கயிறு அரிக்க ஆரம்பிச்சிட்டு. கை இடுப்புக்குப் போவுது, திரும்பி வருது. பெட்டியைத் தொறக்கவும் வழியில்ல, முத்துராணி வீட்டை விட்டு நகர மாட்டேங்கா. அப்பத்தான் பாய் வீட்டுலேருந்து ஸ்டேடியம் சத்தம் கேட்டுச்சு. ஆபீசுக்கு லீவைப் போட்டு, "ஆபீஸ்ல ஆடிட்டு"ன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு, தெருவைச் சுத்தி பாய் வீட்டுப் பின்வாசல் வழியா நுழைஞ்சாரு.

உள்ள ஒரு டிவி. தலையோட பூப்போட்ட துணி போத்தி, கல்யாணப் பொண்ணு மாதிரி மூஞ்சி மட்டும் தெரியுது.

"பாய், எப்ப வே வாங்குனீரு?"

பாய்க்கு இருமல் வந்துட்டு. "வந்து சேந்துச்சு அண்ணாச்சி."

"என்னா தெளிவு. எங்க வீட்டு டிவியில பந்தே தெரியாது வே. நாங்க வாங்குனது வெறும் தகர டப்பா."

பாய்க்கு மறுபடியும் இருமல்.

மகளை இந்த வீட்டுக்கு விடலாமான்னு அண்ணாச்சி ஒரு நிமிசம் யோசிச்சாரு. அந்நேரம் ஒரு விக்கெட்டு விழுந்துச்சு. யோசனையும் அதோட விழுந்துட்டு. இருந்தாலும் தகப்பன் மனசு கேக்கணும்லா.

"பிள்ளைக படிக்கும்போது இதைப் போட மாட்டீரே?"

"படிக்கும்போது போடவே மாட்டோம் அண்ணாச்சி"ன்னாரு பாய். சத்தியமான வார்த்தை.

"நான் வந்தது எங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

"நான் சொல்ல மாட்டேன்"ன்னாரு பாய். அதுவும் சத்தியம். சொல்ல வேண்டிய தேவையே இல்லையே.

அந்த உலகக் கோப்பையில கூட்டுறவு ஆபீஸ்ல நடந்த மாதிரி ஆடிட்டு எந்த ஆபீஸ்லயும் நடந்திருக்காது.

பங்குனியில மாடல் பரீட்சை ரிசல்ட்டு வந்துச்சு. பத்மப்ரியாதான் முதல். அண்ணாச்சி காலு தரையில பாவல. அல்வாப் பொட்டலமும் கையுமா பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பாய் வீட்டுக்கு, இந்தத் தடவை முன்வாசல் வழியா, வந்தாரு. முந்தின நா காயல்பட்டினத்துலேருந்து வந்த பாயோட மச்சினன் காஜா முகைதீன், டிவி பக்கத்துல உக்காந்திருந்தாரு. புது ஆளு கிடைச்சதும் அண்ணாச்சிக்கு இன்னும் வசதியாப் போச்சு.

"பாத்துக்கிடுங்க தம்பி." இடுப்புலேருந்து சாவியை எடுத்து ஒசத்திக் காட்டுனாரு. "டாக்டர் சீட்டுக்குத் தொறவுகோல் இதுதான். டிவிக்குப் பூட்டு போட்டேன். வீடே தவம் இருந்துச்சு. நானும் ஒரு பந்து பாக்கல. என்ன முத்துராணி, பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாங்க"ன்னா அவ. "இனிமே உங்க பேச்சுதான்."

பத்மப்ரியா அல்வாவை முழுங்காம வாயிலயே வச்சிருக்கா. மஹ்மூதா உள்ள ஓடிட்டா. பாய்க்குப் பழைய இருமல்.

காஜா முகைதீன் சாவியைப் பாத்தாரு. பூப்போட்ட துணியை ஓரமாத் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் வெள்ளந்தியா அத்தான் பக்கம் திரும்பிக் கேட்டாரு.

"பின்பக்கம் பலகையில்லாத பெட்டிக்கு முன்பக்கம் பூட்டு போட்டாரு, வீட்டம்மா டிவியைப் பின்னால உருவி இங்கன கொண்டாந்து வச்சு, நூறு கேள்வி முடிச்சா பிள்ளைக்கு அரை மணி நேரம் பாட்டுன்னு படிக்க வச்சாவன்னு சொன்னியளே அத்தான், அது இவுகதானா? அப்ப ஆபீசுக்கு லீவு போட்டு பின்வாசல் வழியா வந்து, சொந்த டிவியவே ஒளிஞ்சு பாத்துட்டுப் போன ஆளும் இவுகதானா?"