கேனுக்குள் ஒரு இயக்கம்

மரக்காணம்,
உப்புக்கே வியர்க்கும் மே மாதம்.

சென்னைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் சிகரமும் என் அக்காள் மகளுமான பிரியதர்ஷினிக்கு, உப்பள மேஸ்திரியும் நாற்பது பாத்திகளின் சக்கரவர்த்தியுமான தாய்மாமன் தட்சணாமூர்த்தி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தை வைஜெயந்தி நலமில்லை. காரணம் நான்தான் என்கிறார்கள். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் காகிதம்.

நம்மூர் நிலத்தடி நீரை வாயில் வைத்தால் நாக்கு கருவாடாகிவிடும் என்பதால் அளத்தில் எல்லோரும் குடிப்பது கதிரேசன் வேனில் கொண்டுவரும் கேன் தண்ணீர். அதில் ஒரு பாட்டில் பிடித்து உன்னிடம் சோதிக்கக் கொடுத்தேன் அல்லவா, அந்த ரிப்போர்ட்டை உப்புக் குவியல்மேல் ஏறி நின்று ராஜகம்பீரமாக வாசித்தேன். "இயற்கைக் கதிரியக்கம்: அனுமதித்த அளவுக்குள்." உடனே நம்ம அளத்தில் உப்பு வாரும் கொளஞ்சி, "இன்னாது, கதிரு இயக்கமா? கேன் போடுறவன் கட்சி ஆரம்பிச்சிட்டானா? அதுக்கு பர்மிசன் வேற குடுத்துட்டாங்களா?" என்றான். "வார்டு எலெக்சன்ல பன்னெண்டு ஓட்டு வாங்குன மூஞ்சி!" என்று உப்பு சுமக்கும் அருக்காணி சிரித்தாள். வேன் வந்ததும், "தலைவரே, கொடி எங்க?" என்று ஒரே ரகளை. கதிரேசன் பாவம், முழித்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அறிவாளிங்களா, இது கட்சி இல்லடா, அணுகுண்டுல வர்ற கதிரு! பாறையிலேர்ந்து தண்ணியில எறங்குது. நாலு டம்ளர் குடிச்சா வயிறு டியூப்லைட்டா எரியும், கடல்ல போற கப்பலு உன்னப் பாத்துக் கரைக்கு வரும்"னு ஒரு போடு போட்டேன். நம்பிட்டாங்கம்மா! இருபது கேனையும் பாத்தியிலேயே கவுத்துட்டாங்க. வெளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. முதலாளி என்னைப் பாத்த பார்வைக்கு அணுகுண்டே தேவலாம்.

மறுநாளே கொளஞ்சி, "எரிஞ்சா எரியட்டும், கரண்டு பில்லு மிச்சம்"னு குடிச்சிட்டான், மத்தவங்களும் குடிச்சிட்டாங்க. உன் அத்தை மட்டும் மாட்டேன்னுட்டா. மூணு நாளா ரெண்டு வாய் டீதான். கொதிச்சா கதிர் செத்துடுமாம், அது அவ கண்டுபிடிப்பு. நேத்து உப்பு வாருற பலகையோட அப்படியே சாஞ்சுட்டா. "இத்துனூண்டு கதிருக்குப் பயந்து இந்த வெயில்ல தண்ணி குடிக்காம நின்னா மொதல்ல கிட்னிதாம்மா போவும்"னு நர்சம்மா திட்டினாங்க. நானும், அது சும்மா விட்ட கதைன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். "உங்க வாயிலேர்ந்து என்னிக்கு நெசம் வந்துச்சு?"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. பிரியா, இந்த மாமனுக்கு முதன்முறையாகப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னால் நம்புவாள். "அனுமதித்த அளவு" என்றெல்லாம் எழுதித் தொலைக்காதே. "குடிங்க அத்தை, ஒண்ணும் ஆகாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆபீஸ் முத்திரை குத்தி, இதைக் கொண்டுவரும் கொளஞ்சியிடமே கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடு.

ஏழு கடலையும் நல்ல தண்ணீராக்கும் புகழ் உனக்கு வாய்க்க ஆசீர்வதிக்கும்,
தட்சணாமூர்த்தி மாமன்.

பி.கு.: ஒரு சின்ன விஷயம். கதிரேசன் தண்ணீரை நான் பஸ்ஸில் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் குடித்துவிட்டேன். உன்னிடம் கொடுத்த பாட்டில், உங்கள் ஆபீஸ் வரவேற்பறை மெஷினில் பிடித்தது. ரிப்போர்ட்டில் வந்த கதிர் உங்கள் ஆபீஸ் தண்ணீருடையது என்று சொன்னால் அத்தை இப்போதே குடித்துவிடுவாள். ஆனால் அப்புறம் எனக்குத்தான் இந்த வீட்டில் ஒரு சொட்டும் கிடைக்காது. ஆகவே முத்திரையே போதும்.