படகு கனத்தால் பழி யார் மேல்?

உலகில் ஒரு வகை மனிதர் உண்டு. தம் பொருள் பழுதானால், அந்தப் பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுபவர். அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரிகளில் படகுத்துறைக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் துறையில் அவர் பெயர் வெண்டெல் ஹாகன்.

அவருடைய படகுக்கு முப்பத்தொரு வயது. ஒரு காலத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது, இப்போது விருந்துச் சாப்பாடு முடித்தவர் போல நகர்ந்தது. வெண்டெல் சும்மா இருந்தாரா? பெட்ரோலை மாற்றினார், புரொப்பல்லரை மாற்றினார், எதிர்க்காற்றைத் திட்டினார், ஏரியில் பாசி கூடிவிட்டது என்றார், இந்தக் காலத்து இன்ஜின் ஆயிலில் சத்தில்லை என்றார். பழி போட வேறெதுவும் மிஞ்சாதபோது, மடியில் சாண்ட்விச் பெட்டியோடு முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி லவோனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காத. முன்பக்கம் கொஞ்சம் கனமா இருக்கோன்னு தோணுது."

தப்பாக நினைக்காமல் இருக்க முடியுமா? லவோன் பெட்டியோடு இறங்கினாள். மூன்று கோடை அவள் படகில் கால் வைக்கவில்லை. படகும் வேகம் பிடிக்கவில்லை. வெண்டெல் தனியாகப் போய், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மீனிடம் பேசித் திரும்பினார். 'வாயேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வரும். கூப்பிட்டால் போட்ட பழியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமே!

ஏரியில் உறைந்த பனி உடைந்த ஏப்ரலில், படகைத் தானியக் கிடங்கின் லாரி எடைமேடையில் ஏற்றினார். எடைபோடும் டெல்பர்ட் கணக்கை இரண்டு முறை பார்த்தான்.

"இழுத்துட்டு வந்த வண்டியெல்லாம் கழிச்சாச்சு வெண்டெல். அப்பவும் இருக்க வேண்டியதுக்கு மேல ஐந்நூறு பவுண்டு. உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?"

"உன் மெஷின மொதல்ல பாரு."

"காலைலேர்ந்து எட்டு சோள லாரி நிறுத்தாச்சு. ஒரு லாரியும் கோவிச்சுக்கல."

வீட்டில் எடைச்சீட்டை லவோன் படித்தாள். "நான் நூத்தி அறுபது பவுண்டு. அப்போ என்னை மாதிரி மூணு பேர் படகுத் தரைக்கு அடியில இருக்கோம். வெளியே விடு, மூச்சு முட்டுது."

வேறு வழி? தரையை அறுத்தார். தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காதிருக்கட்டும் என்று அடியில் அடைத்திருந்த நுரைப்பஞ்சு, முப்பது வருஷத்து மழையையும் ஏரியையும் குடித்து, காபியில் முக்கிய ரொட்டி போல ஊறிக் கிடந்தது. காக்க வந்ததே அமுக்கிக்கொண்டிருந்தது! நான்கு நாள் மண்வெட்டியால் வெட்டி எடுத்தார். இரண்டு வாரம் மின்விசிறி வைத்துக் காயவிட்டார். தண்ணீர் வடிய வழிவிட்டு, நீர் குடிக்காத புது நுரைப்பலகைகளை அடுக்கித் தரையை மூடினார்.

மே மாதம், மீன்பிடிப் பருவம் தொடங்கும் காலை. துறையில் நின்று தொண்டையைச் செருமினார்.

"லவோன்... முன்பக்கம் ரொம்ப லேசா இருக்கு. ஆள் இருந்தா நல்லது."

"இது மன்னிப்பா?"

"இது படகு விஷயம்."

லவோன் ஏறினாள். மடியில் பழையதைவிடப் பெரிய பெட்டி. விசையைத் தள்ளியதும் படகு மூக்கைத் தூக்கிப் பறந்தது. லவோனின் தொப்பியும் பறந்தது. வெண்டெல் காற்றை மீறிக் கத்தினார்:

"பாத்தியா! அன்னிக்கு புரொப்பல்லர மாத்தினது வீண் போகல!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு மேட்டில் ஏறும்போது உங்கள் ஸ்கூட்டர் திணறினால், பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்காமல் இருங்கள், போதும்.