குடலையில் வெந்த ரொட்டி

செவிலிமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சந்தியா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ஜோதிகா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அகிலா அக்காவின் குடலையைத் தவிர. அது ஏன் என்று கீழே வருகிறது. போனில் பேசினால் எனக்கு 'ம்' தவிர வேறு வார்த்தை வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதி, நாளை மெட்ராஸ் வரும் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய, புளிக்கவைத்துச் சுடுகிற சவர்டோ ரொட்டி மாவு பாக்கெட் வந்தது. "நல்லா வந்துதுன்னா போட்டோ அனுப்பும்மா, எங்க பேக்கரி முதலாளிகிட்ட காட்டி உன்னை வேலைக்குச் சேத்துடறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதைவிட நல்ல வழி ஏது என்று அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கோ கவுன்டரில் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் "என்ன வேணும்" என்று கேட்பதை நினைத்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. ஆனாலும் பாக்கெட்டின் பின்பக்கத்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, சொன்னபடி தண்ணீர் விட்டுப் பிசைந்து, புளிக்க வைத்தேன். பிறகு அதை உருட்டி, துணி விரித்த கூடையில் வைத்து உப்பவிட வேண்டுமாம். நம் வீட்டில் ஏது கூடை? பக்கத்து வீட்டு அகிலா அக்கா ஆர்டருக்குக் கோயில் இட்லி செய்பவர் இல்லையா, அவர் இட்லி வேகவைக்கிற மூங்கில் குடலைதான் ஞாபகம் வந்தது. கேட்க எனக்குக் கூச்சம். அம்மாவைக் கேட்கச் சொன்னேன். அம்மா போய், "பொண்ணு மாவு புளிக்க வெச்சிக்கினு கீறா, ஒரு குடலை குடு அகிலா" என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ரொட்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் குடலையில் துணி விரித்து மாவை உருட்டி வைத்தேன். குக்கரில் உப்புப் பரப்பி அதன்மேல் ரொட்டியைச் சுடலாம் என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தக் கல்லுப்பு வாங்க நான் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் நம் அடுப்பில் பெரிய குண்டான், பக்கத்தில் புடவையைச் சொருகிக்கொண்டு, மாவைப் பார்த்துப் போக வந்த அகிலா அக்கா!

"இன்னாடி மாவு பிசைஞ்சிருக்கிற, கல்லாட்டம் இருக்குது! மிளகு இல்ல, சுக்கு இல்ல, வெறும் துணிய விரிச்சா இட்லி வருமா? தயிரு ஊத்திக் கரைச்சு, எல்லாம் போட்டு, மந்தார இலை வெச்சு ஏத்திட்டேன். மொதோ தடவைல்ல, விடு, கத்துக்குவ."

அது இட்லி இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'ம்' என்றுதான் வந்தது. அதற்குள் அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மூடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இதை ரொட்டின்னு சொல்லிக்கினு சாம்பார் ஊத்தறதா, இட்லின்னு சொல்லிக்கினு ஜாம் தடவுறதா?" என்றார். அகிலா அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாவு மூங்கிலோடு ஒட்டிக்கொண்டு, குடலை இன்னும் தொட்டித் தண்ணீரில் ஊறுகிறது.

ஆகவே போட்டோ எடுக்கவில்லை, ஒரு வாய்கூடத் தின்றும் பார்க்கவில்லை. எனக்கு இந்த வேலை வராது என்பது தெளிவாகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அத்தை, மனசு லேசாக இருக்கிறது. உங்கள் வீட்டில் நான் தங்க ஒழித்து வைத்த கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். குட்டி யுவனுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
ஜோதிகா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது, ஆறிக் கிடந்ததை அம்மா துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு முறுக வாட்டித் தட்டில் வைத்தாள். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். அத்தை, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு. நான் இன்னொன்று எடுப்பதற்குள் அப்பாவும் அகிலா அக்காவும் தட்டைக் காலி செய்துவிட்டார்கள். யாரும் கை வைக்காவிட்டால் அது எப்படி வந்திருக்கும் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவிடமே இன்னொரு பாக்கெட் கொடுத்தனுப்புங்கள். கவுன்டர் வேண்டாம், உள்ளே அடுப்புப் பக்கம் ஆள் தேவையா என்று முதலாளியைக் கேளுங்கள். கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.