மைக் சாரும் ஒரு முந்திரிப் பருப்பும்

மைக் சார் மெதுவாகப் பேசிக் கேட்டவர்கள் திருச்சியில் ஒருவர்கூடக் கிடையாது. அவர் வீட்டு ரசத்தில் உப்புக் குறைந்தால் பாலக்கரையே எழுந்து உப்பு டப்பாவைத் தேடும். இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டிய ஒரு ஸ்பீக்கர், காதிலிருந்து வாய்வரை வளைந்து வரும் மைக், கையில் ஒரு குடை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். காசி, ராமேஸ்வரம் என்று பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது இப்போதைய தொழில். அவரோடு போய் வழி தவறியவர் யாரும் இல்லை. காது அடைத்துத் திரும்பியவர்கள் நிறைய உண்டு.

அப்படிப்பட்டவர் போன வருஷம் கப்பல் டூர் அறிவித்தார். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்குவது. 'கப்பலில் போகணும்' என்று என் மகள் நிலா பிடித்த பிடியில் நின்றாள்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஒரு கோழை. ஆபீஸில் சூப்பிரண்டு என்பார்கள், அது வேறு விஷயம். ஒன்பது வயது நிலாவுக்கு முந்திரியும் வேர்க்கடலையும் ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தும்மல் கதை இல்லை. ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரே ஒரு வாய் கேசரி சாப்பிட்டு, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முந்திரி போடாத பண்டம் நம் ஊரில் எது? பொங்கலில் இருக்கும், பாயசத்தில் இருக்கும், ஹோட்டல் குருமாவில் கண்ணுக்குத் தெரியாமல் அரைபட்டுக் கிடக்கும். அதனால் அவள் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. மண்டபத்து வாசலில் எங்கள் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பாள்.

"நடுக்கடல்ல ஏதாவது ஆயிட்டா?" என்று மனைவி கவிதாவிடம் கேட்டேன்.

"கப்பல்ல டாக்டர் இருக்காரு. முன்னாடியே சொல்லிட்டா சமையலும் தனியாப் பண்ணிக் கொடுப்பாங்களாம். நம்ம தெருவுல ரெண்டும் கிடையாது" என்றாள். அவள் ஏற்கெனவே கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பதிலும் வாங்கியிருந்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் ஒரு பெட்டியில் இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் அடுக்கினேன்.

விடியற்காலை ஸ்ரீரங்கத்தில் கிளம்பிய பஸ் சமயபுரம் தாண்டியதும் புளியோதரைப் பொட்டலங்கள் வந்தன. டூரில் முதல் சாப்பாடு நம் ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்பது மைக் சாரின் சட்டம். பொட்டலத்துக்குப் பொட்டலம் வேர்க்கடலை. பஸ் முழுக்க வறுத்த வாசனை. நான் ஈரத் துணியால் நிலாவைச் சுற்றி சீட்டு, ஜன்னல், கம்பி, முன் சீட்டுக்காரரின் பின்னந்தலை எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவுக்கு எடுத்துக்கல?" என்று ஸ்பீக்கரில் கேட்டார் மைக் சார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. 'கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்குங்க' என்று ஒருவர் ஆரம்பிப்பார். 'எங்க காலத்துல இதெல்லாம் ஏது' என்று இன்னொருவர் முடிப்பார். சொந்தக்காரர் ஒருவர் முந்திரியைப் பாதியாக உடைத்து, 'பாதி ஒண்ணும் பண்ணாது' என்று நீட்டியதே உண்டு. அதனால் எனக்கு வழக்கமான பொய்கள் சில உண்டு. வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டாள், இப்படி. அன்றைக்குப் பதற்றத்தில் புதிதாக ஒன்று வாயில் வந்தது.

"விரதம் சார். ஊர் திரும்புற வரைக்கும் வீட்டுச் சாப்பாடுதான்."

மைக் சார் கண்ணை மூடித் திறந்தார். "எல்லாரும் கவனிங்க. நம்ம பஸ்ஸுல ஒன்பது வயசுப் பொண்ணு ஒண்ணு விரதம் இருக்கு. நாமெல்லாம் இட்லி கொஞ்சம் லேட்டானா டிரைவரைத் திட்டுறோம்."

பஸ்ஸே கைதட்டியது. நிலா என் காதில், "நான் எதுக்குப்பா விரதம் இருக்கேன்?" என்று கேட்டாள்.

"படிப்புக்கு" என்றேன்.

கவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துறைமுகத்தில் என் பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள் போய் வெளியே வராமல் நின்றது. "குக்கர் கொண்டு வந்தவர் யாரு? முன்னாடி வாங்க" என்று மைக் சார் அறிவித்தார். வேறு வேறு ஊர்க்காரர்கள் நின்ற வரிசையெல்லாம் திரும்பிப் பார்க்க, நான் போய் என் குக்கருக்கு அடையாளம் சொன்னேன். அடுப்பு, குக்கர், அரிசி எல்லாவற்றையும் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் முசிறியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பெரிய எவர்சில்வர் டப்பாவோடு நின்றார். வாழைத் தோட்டக்காரர் வீட்டு அம்மா. "சாமி பிரசாதம்ங்க" என்றார். அதிகாரி டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுப்பிவிட்டார். டப்பா நிறைய ரவா லட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முந்திரி.

கப்பல் சமையலறையை நான் பாடாய்ப் படுத்தினேன். தலைமைச் சமையல்காரர் தனிப் பாத்திரத்தில் செய்து, மூடிபோட்டு, நிலாவின் பெயர் ஒட்டி, தானே எடுத்து வந்து வைத்தார். "முந்திரி இல்லையே?" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அரைகுறை இந்தியிலும் கேட்டேன். மனிதர் மூன்றுக்கும் பொறுமையாக இல்லை என்று சொன்னார். மூடியைத் திறந்து நான் மோந்து பார்த்தபோதுதான் அவர் முகம் லேசாக மாறியது. எங்கள் மேஜை மற்றவர்களிடமிருந்து தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. நானே கேட்டு வாங்கிய இடம். அங்கே உட்கார்ந்து நிலா, நம் ஆட்கள் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு சிறிய ஹாலில் பஜனைக்கு ஏற்பாடு. என் கையில் ஜால்ராவைக் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் முசிறி அம்மா டப்பாவைத் திறந்தார்.

"விரதம் இருக்கிற பிள்ளை. முதல் பிரசாதம் அதுக்குத்தான்" என்று நேராக நிலாவிடம் போனார். என் தந்திரத்தின் ஓட்டை அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரதத்தில் வேறு எதையும் மறுக்கலாம், பிரசாதத்தை மறுக்க முடியாது. நான் ஜால்ராவைப் போட்டுவிட்டு எழுந்தேன். மடித்த கால் மரத்துப்போய் அப்படியே சாய்ந்தேன்.

"வாயைத் திற கண்ணு" என்று லட்டை நீட்டினார் அந்த அம்மா. லட்டு தாடையில் உரச, நிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை வெட்கப்படுகிறது என்று நினைத்த மைக் சார் குனிந்து, "பாப்பா, என்ன சொல்லணும்?" என்று மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"அதுல முந்திரி இருக்கு. நான் சாப்பிட்டா மூச்சு நின்னுடும். எனக்கு விரதமெல்லாம் இல்ல. அப்பா பயத்துல சொல்றாங்க."

ஹால் முழுக்கக் கேட்டது. முசிறி அம்மா லட்டை டப்பாவில் போட்டு மூடினார். நிலாவின் தாடையில் ஒட்டியிருந்த துகளைக் கவிதா துடைத்துவிட்டு, எப்போதும் கூடவே வைத்திருக்கும் ஊசி மருந்துப் பையோடு அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். மரத்த காலை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன். தாடையில் சிவந்து தடித்தது. டாக்டர் மருந்து கொடுத்து, மடியில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு அடங்கியது. "அப்பா, பசிக்குது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே முசிறி அம்மா நின்றார். "ஏன் தம்பி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?" என்றார்.

"சார், உங்ககிட்டக் கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றார் மைக் சார், ஸ்பீக்கரில். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு மரியாதையாக விலகினார்கள்.

அவர் பேசியது மூன்றே வார்த்தை. "தூணுக்குப் பின்னாடி உக்காராதீங்க."

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் கும்பல் முழுவதையும் குழாய் முன்னால் வரிசையில் நிறுத்தினார். "முந்திரி, கடலை இன்னைக்கு யாரும் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவுங்க. கையைக் காட்டுங்க. நகம்." எழுபதைத் தாண்டிய பாலக்கரை நகைக்கடைக்காரர் ஒருவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். என்னை மட்டும் இரண்டாம் தடவை கழுவ அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே இட்லி, ஒரே சாம்பார். நிலா நீள மேஜையின் நடுவில், முசிறி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மோந்து பார்க்கக் குனிந்தபோது கவிதா என் காலை மிதித்தாள்.

சில மாதம் கழித்து மைக் சார் வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். ஸ்ரீரங்கத்திலேயே ஒரு மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். "தலையைக் காட்டிட்டுக் கிளம்பிடுவோம் சார்" என்று என் பழைய பாட்டை ஆரம்பித்தேன். "பாப்பா பந்தியில சாப்பிடுறா. சமையல்காரர்கிட்டப் பேசியாச்சு. கடலை எண்ணெய்கூட உள்ள வராது" என்றார்.

போனோம். நிலா இலை போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பதே அவளுக்குப் பெரிய கொண்டாட்டமாக இருந்தது. எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பாயசத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"ஒரு முந்திரி கண்ணுல படலையே. பொண்ணு வீட்டுக்காரருக்குக் கை கொஞ்சம் இறுக்கம் போலிருக்கு."

வாளியோடு வந்துகொண்டிருந்த மைக் சார் நின்றார். நான் எழுந்து காரணத்தைச் சொல்லிவிட இருந்தேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ஆமாங்க, இந்தத் தடவை கொஞ்சம் சிக்கனம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார் சம்பந்தி வீட்டாரிடம், சிரித்துக்கொண்டே. பெண்ணைப் பெற்றவர், தாலி கட்டிய அன்றைக்கு, கருமி என்ற பெயரை வாங்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அடுத்த இலை நிலாவுடையது. "இன்னொரு கரண்டி விடட்டுமா?" என்று கேட்டார். அவள் வாயில் பாயசம் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். முந்திரி போட்ட பாயசம் எத்தனையோ கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன். அவற்றைப் பரிமாறிய யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.